நிச்சிஜோ பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிச்சிஜோவின் கதை என்ன?

நிச்சிஜோ ஒரு ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன், நகைச்சுவைத் தொடர். கதை என்று இழுத்துப் பிடித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சிற்றூர், ஒரு மேல்நிலைப்பள்ளி, மூன்று தோழிகள். யூகோ வாயாடி, வீட்டுப்பாடம் செய்யாமல் வருவதில் மட்டும் தவறவே மாட்டாள். மியோ நன்றாகப் படிப்பவள், யாருக்கும் தெரியாமல் மாங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதை வரைபவள், கோபம் வந்தால் கை நீளும். மாய் அதிகம் பேச மாட்டாள். பேசாமலே எதிராளியைப் பைத்தியமாக்கிவிடுவாள்.

அதே ஊரில் ஷினோனோமே ஆய்வுக்கூடம். பெயர்தான் ஆய்வுக்கூடம், பார்த்தால் ஓட்டு வீடு. ஹகாசே, அதாவது பேராசிரியர், என்று எல்லாரும் கூப்பிடும் எட்டு வயதுச் சிறுமி அங்கே இருக்கிறாள். சுறாவும் தின்பண்டமும்தான் அவள் உலகம். அவள் செய்த ரோபோப் பெண் நானோ. முதுகில் பொம்மைக்கு இருப்பதுபோல் பெரிய சாவி. அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது நானோவின் தீராத ஆசை. மூன்றாவது ஆள் சகாமோட்டோ என்ற கருப்புப் பூனை. ஹகாசே செய்துகொடுத்த சிவப்புத் துணி கழுத்தில் இருக்கும்வரை அது பேசும், வீட்டுப் பெரியவர் தோரணையில் அதட்டவும் செய்யும்.

இந்த இரண்டு கூட்டமும் ஒன்றுசேரப் பாதித் தொடர் ஆகும். நானோ பள்ளிக்குப் போவது 14ஆவது பாகத்தில்தான்.

யார் எடுத்தது, எத்தனை பாகம்?

மூலம் கெயிச்சி அராவியின் மாங்கா. கடோகாவாவின் ஷோனென் ஏஸ் இதழில் 2006 டிசம்பரில் தொடங்கி 2015 வரை வந்தது, 10 தொகுதிகள். 2021இல் மறுபடி தொடங்கினார். அனிமேவை கியோட்டோ அனிமேஷன் எடுத்தது. 2011 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 பாகம். இயக்கம் தத்சுயா இஷிஹாரா, கதைத் தொடரமைப்பு ஜுக்கி ஹனாடா, பாத்திர வடிவம் ஃபுதோஷி நிஷியா, இசை யூஜி நோமி. நிஷியா 2019 ஜூலை 18 அன்று அந்த நிறுவனத்தின் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது இறந்த 36 பேரில் ஒருவர். நிச்சிஜோவில் அந்த வட்ட முகமும் புள்ளிக் கண்ணும் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் கலையாமல் நிற்பது அவர் கைவேலை.

அராவி குன்மா மாகாணத்துக்காரர். நாகானோஹாரா, மினகாமி ஆகிய பாத்திரக் குடும்பப் பெயர்கள் அங்கே உள்ள ஊர்ப் பெயர்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது?

1 முதல் 26 வரை நேராக. பாகம் 0 என்று ஒரு தனி வெளியீடு உண்டு. 2011 மார்ச்சில் மாங்காவின் ஆறாவது தொகுதியோடு வட்டில் வந்தது. அதை முதலில் பார்த்தாலும் கடைசியில் பார்த்தாலும் ஒன்றுதான்.

இரண்டு இடத்தில் ஆட்கள் தடம் மாறுகிறார்கள். ஒன்று, ஜப்பானில் என்.எச்.கே. கல்வி அலைவரிசை 2012இல் ஒளிபரப்பிய 12 பாகப் பதிப்பு. அது வெட்டித் தொகுத்தது. உங்கள் கைக்கு வந்ததில் 12 பாகம்தான் இருக்கிறது என்றால் அதை விட்டுவிட்டு 26ஐத் தேடுங்கள். இன்னொன்று, பெயர்க் குழப்பம். 'டான்ஷி கோகோசேய் நோ நிச்சிஜோ' என்று 2012இல் சன்ரைஸ் எடுத்த வேறொரு தொடர் இருக்கிறது, 12 பாகம். அதில் வருவது பள்ளிப் பையன்கள். அதுவும் நல்ல நகைச்சுவைதான், ஆனால் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நேரக் கணக்கு: ஒரு பாகம் ஏறக்குறைய 24 நிமிடம். முழுத் தொடர் பத்தரை மணி நேரம். ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். நாளுக்கு இரண்டு பாகம் சரியான அளவு. நாலைந்து பாகம் தொடர்ந்து ஓடினால் அலறலும் வெடிப்பும் பழகிப்போய்க் காது மரத்துவிடும். அதற்குமேல் எது வந்தாலும் சிரிப்பு வராது.

முதல் பாகம் பார்த்தேன், சிரிப்பே வரவில்லை. தொடரலாமா?

மூன்று பாகம் பாருங்கள். முதல் பாகத்தில் யார் எவர் என்று தெரியாத நிலையிலேயே வெடிப்பும் மண்டையடியும் வந்துவிடுகின்றன. மாய் எப்படிப்பட்டவள் என்று தெரிந்த பிறகுதான் அவள் சும்மா உட்கார்ந்திருப்பதே சிரிப்பாகும். சசஹாரா என்ற மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஆட்டின்மேல் ஏறிப் பள்ளிக்கு வருகிறான், ஜமீன்தார்போல் பேசுகிறான். முதல் தடவை அது வெறும் விசித்திரம். ஐந்தாவது தடவை, ஆட்டைக் கட்டும் அந்த நிதானத்திலேயே சிரிப்பு வந்துவிடும்.

மூன்றுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிடிக்காதவர்களை உட்காரவைத்துப் பிடிக்கவைக்க முடியாத தொடர் இது.

சாதாரண விஷயத்துக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

அந்த ஆர்ப்பாட்டம்தான் நகைச்சுவை. மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பது என்போமே, அதைத் தெரிந்தே, மலையை ஒரு கல்கூட விடாமல் கெல்லிக் காட்டுகிறார்கள். மதியச் சாப்பாட்டில் ஆக்டோபஸ் வடிவில் வெட்டிய ஒரு சாஸேஜ் துண்டு கை நழுவுகிறது. வேறு தொடராக இருந்தால் 'ஐயோ' என்று ஒரு வசனத்தோடு முடிந்துவிடும். இங்கே காலமே மெதுவாகிறது, கேமரா அந்தத் துண்டைச் சுற்றி வருகிறது, யூகோ உயிரைக் காப்பாற்றப் பாய்வதுபோல் பாய்கிறாள், பின்னால் முழு வாத்தியக் குழுவும் போர்க்களத்துக்கு வாசிப்பதுபோல் வாசிக்கிறது. எவ்வளவு சின்ன விஷயமோ அவ்வளவு பெரிய உழைப்பு.

இசையைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். யூஜி நோமி ஸ்டூடியோ ஜிப்லி படங்களுக்கு இசையமைத்தவர். நகைச்சுவைத் தொடர் என்பதற்காக 'டொய்ங்' சத்தம் எதுவும் அவர் போடவில்லை. சோகத்துக்குச் சோகம், வீரத்துக்கு வீரம். இசைக்கு இது நகைச்சுவை என்றே தெரியாது. தெரியாததுபோல் இருப்பதால்தான் எடுபடுகிறது.

பள்ளி முதல்வரும் மானும் சண்டை போடும் காட்சியை ஏன் எல்லாரும் சொல்கிறார்கள்?

மேலே சொன்னதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பள்ளி முதல்வர் ஷினோனோமே வயதானவர், கோட்டு சூட்டு, கடி ஜோக் சொல்லி யாரும் சிரிக்காமல் அவமானப்படுபவர். ஒரு நாள் வளாகத்தில் மான் ஒன்றை எதிர்கொள்கிறார். சன்னலோரம் நிற்கும் யூகோ மட்டும் பார்க்கிறாள். மான் பாய்கிறது, அவர் பிடிக்கிறார், மல்லுக்கட்டு ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் ஜெர்மன் சூப்லெக்ஸ்: எதிராளியின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, உடம்பை வில்லாக வளைத்து, தன் தலைக்குப் பின்னே கொண்டுபோய்த் தரையில் மோதும் மல்யுத்தப் பிடி. அதை மானுக்குப் போடுகிறார்.

கவனிக்க வேண்டியது பிடியை அல்ல, எடையை. மானின் கால்கள் எந்த நேரத்தில் தரையை விடுகின்றன, முதல்வரின் முழங்கால் எப்போது மடங்குகிறது, முதுகு எந்தப் புள்ளியில் வளைகிறது என்று ஒவ்வொன்றும் உண்மையான மல்யுத்தம்போல் வரையப்பட்டிருக்கிறது. ரப்பர் பொம்மைபோல் வரைந்திருந்தால் கேலிச்சித்திரமாகிவிடும், இரண்டாம் தடவை பார்க்கத் தோன்றாது. இடையிடையே யூகோவின் முகம் வருகிறது. அவளுக்கு இதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பவும் மாட்டார்கள். பார்க்கிறவருக்கும் அதே நிலைமைதான்.

யூகோவின் தலையில் விழுபவை என்ன?

கோகேஷி என்பது கைகால் இல்லாத மரப் பொம்மை, வடகிழக்கு ஜப்பானின் வெந்நீர் ஊற்றுப் பகுதிகளில் செய்வது. அகாபேகோ என்பது தலையாட்டும் சிவப்பு மாட்டுப் பொம்மை, ஃபுகுஷிமாவின் ஐஸு வட்டாரத்தது. அப்புறம் ஒரு முழு சால்மன் மீன். இவற்றுக்குள் மறைபொருள் தேட வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பொருள் வானத்திலிருந்து வருகிறது என்பதே விஷயம். 

மிசாதோவுக்குத் துப்பாக்கி எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் வருவதில்லை. மிசாதோ அதே பள்ளி மாணவி. சசஹாராமேல் உள்ள ஆசையை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு அவன்மேல் சுடுகிறாள். குண்டுபட்டவன் அசைவதில்லை. அவ்வளவுதான் விளக்கம்.

போகே, த்ஸுக்கோமி என்கிறார்களே, அது என்ன?

ஜப்பானில் மன்சாய் என்ற இருவர் நகைச்சுவை மேடை மரபு உண்டு. ஏடாகூடமாகப் பேசுபவர் போகே. அதைப் பிடித்து வெட்டித் திருத்துபவர், தேவைப்பட்டால் மண்டையில் தட்டுபவர், த்ஸுக்கோமி. நிச்சிஜோவில் யூகோ போகே, மியோ த்ஸுக்கோமி என்று முதலில் தோன்றும். மாய் உள்ளே வந்ததும் கணக்கு மாறிவிடும். மாய் செய்யும் கோளாறுக்கு யூகோதான் தொண்டை கிழியக் கத்தித் திருத்த வேண்டியிருக்கிறது. மாயோ முகத்தில் ஒரு கோடுகூட அசைய விடமாட்டாள். ஷினோனோமே வீட்டில் ஹகாசே போகே, பூனை த்ஸுக்கோமி. நானோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இருப்பவள். எந்தக் காட்சியிலும் முதலில் இந்தப் பங்கு யாருக்கு என்று பார்த்துவிட்டால் அடி எங்கே விழும் என்பது ஓரளவு பிடிபடும். பிடிபட்ட பிறகு ஏமாற்றுவார்கள்.

நடுவில் ஒன்றுமே நடக்காத காட்சிகள் வருகின்றன. தள்ளிவிடலாமா?

தள்ளிவிடாதீர்கள். மின்கம்பம், வெயில், காலியான தெரு, தூரத்தில் ரயில் என்று சில நொடிகள் நிற்கும். ஜப்பானிய மேடைக்காரர்கள் 'மா' என்று சொல்லும் இடைவெளி அது. முந்தைய அலறல் அடங்கினால்தான் அடுத்த அலறல் காதில் ஏறும். ஹெல்வெடிகா ஸ்டாண்டர்ட் என்ற தலைப்பில் வரும் குட்டித் துணுக்குகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அவை அராவியின் இன்னொரு படைப்பான, நாலே கட்டத்தில் முடியும் சித்திரக்கதையிலிருந்து எடுத்தவை. முக்கியப் பாத்திரங்களோடு தொடர்பில்லை. ஜங்கென் என்ற கல்-காகிதம்-கத்தரி விளையாட்டு, கயிறு தாண்டல் என்று வரும் துண்டுகளும் இடைவெளிக்காகத்தான்.

இதே காரணத்தால் ஒன்றரை மடங்கு வேகத்திலும் பார்க்கக் கூடாது. வசனத் தொடருக்கு அந்த வேகம் பாதகமில்லை. இங்கே அடிக்கும் அதிர்ச்சிக்கும் நடுவே அரை நொடி மௌனம் வைத்திருப்பார்கள். ஒன்றரை மடங்கில் அது மூன்றில் ஒரு நொடியாகிவிடும், மூளை அடியைப் பதிவு செய்வதற்குள் அலறல் வந்துவிடும். 'சத்தமாக இருக்கிறது, சிரிப்பு இல்லை' என்று சொல்பவர்களில் பாதிப் பேரை விசாரித்தால் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள்.

டிவியில் பார்த்தால் படம் வழுக்குவதுபோல் இருக்கிறது. ஏன்?

மோஷன் ஸ்மூத்திங் இயங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் அதை அணையுங்கள். சோனி டிவியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் போன்ற பெயர்களில், படத்துக்கான அமைப்புகளுக்குள் இருக்கும். மாதிரிக்கு மாதிரி இடம் மாறும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று மாற்றினாலே பெரும்பாலும் அணைந்துவிடும் அல்லது குறைந்துவிடும்.

என்ன கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. அனிமே நொடிக்கு 24 பிரேமில் ஓடுகிறது. ஆனால் 24 தனிப் படம் வரைய மாட்டார்கள். ஒரு படத்தை இரண்டு பிரேம் நிறுத்தினால் நொடிக்கு 12 படம், மூன்று பிரேம் நிறுத்தினால் 8. சாதாரணப் பேச்சுக் காட்சிக்கு 8 போதும். நிச்சிஜோ போன்ற தொடரில் பாய்ச்சல், ஓட்டம், உதை வரும்போது 12க்கும் சில இடங்களில் 24க்கும் ஏறுவார்கள். அந்த ஏற்ற இறக்கத்தைக் கண் உணர்கிறது. 'ஏதோ பெரிசாக நடக்கப் போகிறது' என்ற எண்ணம் அதிலிருந்துதான் வருகிறது. டிவியோ இரண்டு படத்துக்கு நடுவே தானாக ஒரு படத்தைக் கற்பனை செய்து செருகி எல்லாவற்றையும் ஒரே வழுவழுப்பாக்கிவிடும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அதைவிட மோசம் ஸ்மியர் படங்களுக்கு நேர்வது. வேகமாக வீசும் கையைக் காட்ட, ஒரே பிரேமில் கையை நீட்டி இழுத்தோ நாலு கையாகவோ வரைந்திருப்பார்கள். ஒரு பிரேம் என்பதால் கண்ணுக்கு அது வேகமாக மட்டும் தெரியும். டிவி அதற்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஒட்டுப்போட முயன்றால் பேய்க்கை மிதப்பதுபோல் வரும்.

இணையத்தில் பார்க்கும்போது தரத்தை 1080இல் வையுங்கள், குறைந்தது 720. செல்பேசியில் டேட்டா சேமிப்பு இயங்கினால் 480க்கு இறங்கிவிடும். ஒவ்வொரு பிரேமும் புதுப் படமாக இருக்கும் சண்டைக் காட்சியில்தான் கட்டம்கட்டமாக உடையும், அதாவது எதைப் பார்க்க வந்தீர்களோ அதே இடத்தில்.

சப்டைட்டிலா, ஆங்கில டப்பிங்கா?

ஜப்பானிய ஒலி, சப்டைட்டில். யூகோவாக மரிகோ ஹோண்டா, மியோவாக மாய் அய்சாவா, மாயாக மிசுசு தொகாஷி, நானோவாக ஷிசுகா ஃபுருயா, ஹகாசேவாக ஹிரோமி கொன்னோ, பூனையாக மினோரு ஷிராய்ஷி. யூகோவின் குரல் மூச்சு முட்டும் இடத்தில் நிஜமாகவே முட்டுகிறது; அதைக் கேட்காமல் விடுவது நஷ்டம். ஆங்கில டப் 2019இல் வந்தது. வேகமாகப் படிக்க வராத சிறுவர்களோடு பார்க்க அது பயன்படும்.

சப்டைட்டிலில் ஒரு சிக்கல்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், அதே நொடியில் திரையில் ஒரு பலகையும் எழுத்தோடு நிற்கும். மூன்றையும் படிக்க முயன்றால் படத்தைப் பார்க்க முடியாது. முதல் தடவை வசனத்தை மட்டும் படியுங்கள், பலகையை விடுங்கள். நிறுத்தி நிறுத்திப் படித்தால் நேரக்கணக்கு கெட்டுவிடும். இரண்டாம் முறை பார்க்கும்போது பலகைகள் தானாகக் கிடைக்கும்.

ஒரு காட்சியைப் பிரேம் பிரேமாகப் பார்ப்பது எப்படி?

வட்டிலிருந்தோ முறையாக வாங்கிய கோப்பிலிருந்தோ கணினியில் திறந்துகொள்ளுங்கள். வி.எல்.சி. பிளேயரில் ஆங்கில 'E' எழுத்து விசையை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு பிரேம் முன்னே போகும். பின்னால் வர எளிதான வழி எம்.பி.வி. பிளேயர். அதில் முற்றுப்புள்ளி விசை முன்னே, காற்புள்ளி விசை பின்னே.

அடி விழும் காட்சி ஒன்றை எடுத்து நாலு துண்டாகப் பிரியுங்கள்: ஓங்குவது, படுவது, நிற்பது, அதிர்வது. ஒவ்வொன்றும் எத்தனை பிரேம் என்று எண்ணித் தாளில் எழுதுங்கள். ஒரு படம் எத்தனை பிரேம் மாறாமல் நிற்கிறது என்பதையும் குறியுங்கள். பத்து காட்சி எண்ணினால் ஒன்று தெரியும்: படுவது எப்போதும் மிகக் குறுகியது, நிற்பது எதிர்பார்த்ததைவிட நீளமானது.

நாமே ஒரு ஸ்லாப்ஸ்டிக், அதாவது அடி விழும் நகைச்சுவைக் காட்சி வரைய முடியுமா?

முடியும், கிரிட்டா, ஓபன்டூன்ஸ் என்ற வரைகலை மென்பொருள் இரண்டும் இலவசம். தலையில் பொருள் விழும் மூன்று நொடிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 24 என்றால் மொத்தம் 72 பிரேம்.

முதல் 24 பிரேம் பாத்திரம் சும்மா நிற்கும், ஒரே படம். அடுத்த 4 பிரேமில் பொருள் விழும், இரண்டே படம், ஒவ்வொன்றும் இரண்டு பிரேம். அடுத்த 2 பிரேம் மோதல், ஒரு படம்: தலையை மூன்றில் ஒரு பங்கு நசுக்கி, கழுத்தைத் தோளுக்குள் இறக்கி வரையுங்கள். அடுத்த 18 பிரேம் அப்படியே நிற்க வேண்டும், ஒரு படம். தலை பழைய வடிவத்துக்கு வந்திருக்கும், பொருள் மேலே இருக்கும். கடைசி 24 பிரேமில் கண் மட்டும் மெல்ல மேலே பார்க்கும், மூன்று பிரேமுக்கு ஒன்றாக 8 படம். ஆக மொத்தம் 13 படம்தான். ஒரு மாலைப்பொழுது வேலை.

கெடும் இடங்கள் தெரிந்தவைதான். விழும் பொருளுக்கு இடையில் நிறையப் படம் வரைந்து சம இடைவெளியில் இறக்கினால் பலூன்போல மிதக்கும். முதல் படத்தைத் திரையின் மேல்விளிம்பிலும் இரண்டாவதைத் தலைக்கு ஒட்டியும் வையுங்கள், நடுவில் ஒன்றும் வேண்டாம். நசுங்கிய படத்தை ஆசைப்பட்டு 6 பிரேம் நிறுத்தினால் பாத்திரம் களிமண்ணாகத் தெரியும். பிறகு அந்த 18 பிரேம். 'ஒன்றும் அசையவில்லையே' என்று பயந்து அதை 6 ஆக்கிவிடுவார்கள். சிரிப்பே அங்கேதான் இருக்கிறது. கூட்டினாலும் கூட்டுங்கள், குறைக்காதீர்கள்.

இந்த வேலையையே 26 பாகத்துக்கு ஒரு நிறுவனம் செய்ய வேண்டுமானால் ஆட்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கியோட்டோ அனிமேஷன் ஊழியர்களைச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு தன் கூடத்திலேயே வேலை செய்யும் நிறுவனம். ஜப்பானில் வழக்கமோ, காட்சித் துண்டு ஒன்றுக்கு இவ்வளவு கூலி என்று வெளியாட்களுக்குக் கொடுப்பது. ஒரு சாஸேஜ் விழும் காட்சிக்கு இத்தனை படம் வரையச் சொன்னால் வெளியாள் முதலில் கூலியைத்தான் கேட்பார்.

அந்த ஆக்டோபஸ் சாஸேஜ் எப்படிச் செய்வது?

ஜப்பானிய மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் வழக்கமாக இருப்பது. ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமுள்ள, தோல் உள்ள சின்னச் சாஸேஜ் வேண்டும். ஒரு முனையிலிருந்து பாதி நீளம்வரை கத்தியால் கீறி நாலு காலாக்குங்கள், கை பழகியவர்கள் ஆறு அல்லது எட்டு. மிதமான தீயில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நிமிடம் உருட்டிவிட்டால் கால்கள் வெளிப்பக்கமாகச் சுருண்டு விரியும். சூட்டில் வெளித்தோல் உள்சதையைவிட அதிகமாகச் சுருங்குவதுதான் காரணம். ஆகவே தோல் இல்லாத சாஸேஜில் கால் சரியாக விரியாது. உறைநிலையில் விற்கும் கோழிச் சாஸேஜ் வாங்குவதற்குமுன் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் கீறினால் கால் பிய்ந்துவிடும். தீ அதிகமானால் விரிவதற்குள் கருகும். கண்ணுக்கு இரண்டு கருப்பு எள்.

பாடல்கள்?

தொடக்கப் பாடல் இரண்டும் ஹ்யாடாயின் என்ற ஆண் பாடகர் பாடியவை. முதலாவதில் வரும் பெண் குரலும் அவருடையதுதான், சுருதியை ஏற்றிப் பதிவு செய்தது. முதல் 13 பாகத்துக்கு முடிவுப்பாடல் சயாகா சசாகியின் 'ஸ்ஸ்ஸ்'. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு பாடலாக, ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்திசையாகப் பாடிப் பழகிய பாடல்களை அவரே பாடுகிறார். தள்ளிவிடாமல் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் தாராளமாக. துப்பாக்கியும் வெடிப்பும் உண்டு, யாரும் சாவதில்லை. மியோ வரையும் மாங்கா இரு ஆண்களுக்கிடையிலான காதல் கதை. அது வெளியே தெரிந்துவிடாமல் அவள் படும் பாடு பல இடத்தில் வருகிறது. அதைத் தவிர முகம் திருப்ப வேண்டிய காட்சி அநேகமாக இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு ஹகாசேவும் பூனையும் வரும் பகுதிகள் மட்டுமே போதும்.

நல்ல தொடர் என்றால் ஜப்பானில் ஏன் ஓடவில்லை?

பார்த்தார்கள், வட்டு வாங்கவில்லை. அக்காலத்தில் இரவுநேர அனிமேவுக்குப் போட்ட முதல் திரும்பியது டிவிடி, புளூ-ரே விற்பனையில்தான். ஒரு வட்டில் இரண்டு மூன்று பாகம், விலை ஆறேழாயிரம் யென். 26 பாகம் உள்ள துணுக்குத் தொடருக்கு அத்தனை வட்டும் வாங்கிச் சேர்க்க ஆள் குறைவு. அமெரிக்காவிலும் ராசியில்லை. உரிமம் வாங்கிய பண்டாய் என்டர்டெயின்மென்ட் 2012இல் வெளியீடுகளை நிறுத்தியது, வட்டு வரவில்லை. ஃபனிமேஷன் எடுத்து வெளியிட்டது 2017இல். அதற்குள் மான் சண்டையும் சாஸேஜும் துண்டுத்துண்டாக இணையமெங்கும் பரவியிருந்தன. தொடரின் பெயரே தெரியாமல் அந்தத் துண்டுகளைப் பார்த்தவர்கள் ஏராளம்.

இதேபோல் வேறு என்ன பார்க்கலாம்?

அசுமாங்கா தாய்யோ, 2002, 26 பாகம். பள்ளித் தோழிகள் கூட்டம்தான், ஆனால் சாவகாசமானது. நிச்சிஜோவின் பாட்டி என்று சொல்லலாம். குரோமார்ட்டி ஹைஸ்கூல், 2003, பாகம் 12 நிமிடம்தான். நிச்சிஜோ எதைச் செய்கிறதோ அதற்கு நேர் எதிர்: முகம் அசையவே அசையாது, அந்த அசையாமையை வைத்தே அடிக்கிறார்கள். ஃபுல் மெட்டல் பேனிக்? ஃபுமோஃபு, அதே 2003, அதே கியோட்டோ அனிமேஷன். போர்க்களத்தில் வளர்ந்த பையன் பள்ளியில் காலணிப் பெட்டியைக் குண்டு வைத்துத் தகர்க்கும் ரகம். இயக்கியவர் யசுஹிரோ தகேமொட்டோ. அவரும் 2019 தீயில் போனவர்.

அராவியின் கை வேண்டுமென்றால் சிட்டி. மாங்கா 2016 முதல் 2021 வரை வந்தது, அதையும் கியோட்டோ அனிமேஷனே 2025இல் 13 பாகமாக எடுத்தது. இயக்கம் தாயிச்சி இஷிதாதே. பள்ளிக்கூடம் இல்லை, ஊரே பாத்திரம். கோடு தடிப்பானது, நிறம் தட்டையானது, மாங்காவின் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது. நிச்சிஜோ முடித்த கையோடு தொடங்காமல் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், இல்லையென்றால் யூகோவைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.